சூடேறிய தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் மார்க்கெட்டில் மத்தி மீன் வாங்கினேன். மீன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். என் நடுவிரல் நீளம் இருந்தால் பெரிய விஷயம்.

"என்னம்மா, குஞ்சையெல்லாம் அள்ளிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"குஞ்சு இல்லீங்க. வளந்ததே இவ்ளோதான். நான் என்ன, ஊதியா பெருசாக்க முடியும்?" என்றார் மீன்கார அம்மா.

பக்கத்தில் நின்ற பெரியவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எல்லாம் ஐஸ்ல கெடந்து சுருங்கிப் போனது." ஐஸில் கிடந்தால் மீன் சுருங்குமா? கடலே இல்லாத மாவட்டத்தில் கடலைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன் ஏன் சிறுத்துப்போகிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெண் எங்கள் குடும்பத்திலேயே இருந்தாள். மத்தியைப் பையில் போட்டுக்கொண்டு குன்னத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குத்தான் பஸ் ஏறினேன்.

பவித்ரா. கீழப்பழுவூரில் இருக்கும் என் அண்ணனின் மகள். கடற்கரை ஊர் ஒன்றில் ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடல் சூடானால் மீனின் உடம்பு என்ன ஆகிறது, அதன் நடத்தை எப்படி மாறுகிறது... இதுதான் அவள் பாடம். லீவுக்கு வந்தால், பத்திரிகைக்கு எழுதுகிற என்னிடம் ஓயாமல் பேசுவாள். வீட்டில் வேறு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

"தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் கொறஞ்சிடும் அத்தை. ஆனா சூட்டுல மீனுக்கு மூச்சு இன்னும் அதிகமா வேணும். தின்னதெல்லாம் மூச்சு விடுறதுக்கே சரியாப் போயிட்டா, ஒடம்பு எங்க வளரும்?"

"அப்ப மீனு என்னதான்டி பண்ணும்?"

"போக முடிஞ்சது குளுந்த தண்ணிய தேடி வேற பக்கம் போயிடும். சிலது ஆழத்துக்கு எறங்கிடும். போக முடியாதது சின்னதாவே வளந்து, அப்படியே இருந்துடும்."

அவளுடைய லேப்பில் பெரிய தொட்டிகளில் கொடுவா மீன் வளர்த்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கிவிட்டு, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எவ்வளவு தின்கிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பாள். ஒரு முறை அங்கே அவளுடைய சாரோடு சண்டை. சண்டை ஒரே ஒரு வார்த்தைக்காக.

"சூடு பண்ண ஆரம்பிச்சதும் எல்லா மீனும் தண்ணி விடுற குழாய்கிட்டயே வந்து முட்டிக்கிட்டு நிக்கும் அத்தை. வெளிய போக வழி தேடும். கொஞ்ச நாள்ல முட்டுறத நிறுத்திடும். சத்தமில்லாம அடியில கெடக்கும். சார் 'பழகிடுச்சு'ன்னு எழுதுங்கறாரு. பழகல அத்தை! பழகியிருந்தா நல்லா திங்கணும், நீந்தணும். இது முட்டிப் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, இருக்குற தெம்ப மிச்சம் புடிக்குது. அந்த வார்த்தைய நான் எழுதவே மாட்டேன்."

கண்ணில் அப்படி ஒரு கோபம். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னும் ஒரு வருஷம் இருந்தால் ஆராய்ச்சி முடிந்திருக்கும். அதற்குள் குன்னத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சிமென்ட் ஃபேக்டரியில் இன்ஜினீயர். பருத்தி, சின்ன வெங்காயம் என்று நிலமும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் வாக்குக் கொடுத்தார். பவித்ரா அதை நம்பித்தான் தலையாட்டினாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். சம்பந்தம் உறுதி என்றால்தான் பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். நனைத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. நனைக்காமல் எழுந்து போனாலோ... பெண் வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

அந்த நாளும் வந்தது. அண்ணன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தார். வடை, பாயசத்தோடு இலை போட்டாயிற்று. சோறு வைத்தாயிற்று. சாம்பாரும் ஊற்றியாயிற்று. பையனின் அப்பா மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் தொடாததால் அந்த வரிசையில் யாருமே தொடவில்லை.

"சாப்புடுங்க," என்றார் அண்ணன்.

"சாப்புடலாங்க. அதுக்கு முன்னால ஒரு பேச்சு. இந்த மீனு படிப்ப இத்தோட நிறுத்திக்கணும். கல்யாணம் பண்ணிக்கிட்டு ஹாஸ்டல்ல போயி கெடக்குறதெல்லாம் நம்ம குடும்பத்துக்குச் சரி வராது. புள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கை நனைக்கிறோம்."

"முடிச்சுக்கலாம்னுதானங்க பேச்சு? இன்னும் ஒரு வருஷம்தானே?" என்றேன் நான்.

"கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் அவர்.

என்ன சம்பந்தமா? இந்த மண்ணே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. இவருடைய பருத்திக் காட்டை ஆழமாக உழுதால் கல்லாகிப்போன கடல் நத்தை வருகிறது. அதில் ஒன்றை இவர் வீட்டு டிவி பக்கத்தில் பொம்மை மாதிரி வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன். அன்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நீ சும்மா இரு. ஒன் எழுத்தெல்லாம் பேப்பரோட வச்சுக்க."

மாப்பிள்ளைப் பையன் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அடுப்படி வாசலில் பாயசத் தூக்கோடு நின்று மகளைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். நெற்றியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவருக்கு. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

நம் வீடுகளில் பெண்ணிடம் சம்மதம் கேட்பதில்லை என்று யார் சொன்னது? கேட்கிறோமே! இலை போட்டு, சோறு வைத்து, சாம்பாரும் ஊற்றிவிட்டுத்தான் கேட்கிறோம்.

"சரிங்க," என்றாள் பவித்ரா.

கைகள் இலையில் இறங்கின. சாம்பார் பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொல்லைப்புறத்தில் அவளைப் பிடித்து, "ஏன்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"அப்பா மொகத்தப் பாத்தீங்கல்ல? நான் எங்க அத்தை போறது?" என்றாள்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. லேப்பில் அவளுடைய தொட்டிகளை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்திப் பையோடு குன்னத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனபோது பவித்ரா மெலிந்திருந்தாள். "வாங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான். ஓயாமல் பேசுகிற அந்தப் பெண்ணை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. மத்தியை வாங்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் மீனை எடுத்தவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் நீட்டி வைத்து அளந்தாள். வயிற்றைக் கீறி, உள்ளே கொழுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மாமியார் எனக்குக் காபி கொண்டுவந்தார். நல்ல மனுஷிதான். குறை சொல்ல முடியாது.

"வந்த புதுசுல வாசக்கதவுகிட்டயே போயி போயி நிப்பா. எனக்கே பாவமா இருக்கும். இப்பல்லாம் அந்தப் பக்கமே போறதில்ல. ஒரு சத்தம் கெடையாது, சண்ட கெடையாது," என்றவர் கொல்லைப் பக்கம் திரும்பி, "என்னம்மா, நம்ம வூடு பழகிடுச்சுல்ல?" என்று கேட்டார்.

பவித்ரா தலையை நிமிர்த்தாமல் மீனின் செதிலை உரசிக்கொண்டே சொன்னாள்.

"பழகிடுச்சுங்க."

ஆராய்ச்சியில் எழுதவே மாட்டேன் என்று சாரோடு சண்டை போட்ட அதே வார்த்தை.