இருபத்தைந்தில் வைத்த அலாரம்

போஜன் என்ற டிரைவரின் வேலை போனதற்குக் காரணம் நான். டயர் வெடித்தது அவர் கவனக்குறைவால் அல்ல, நான் மீட்டரில் வைத்த அளவால். நேருக்கு நேர் கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் குன்னூரில் டயர் கடை வைத்திருந்தேன். இயற்பியல் பட்டதாரி என்பதால் எலக்ட்ரானிக் சாமான் எதுவானாலும் என்னிடம் வரும். ஏரிகளுக்குப் படகு ஏற்றி இறக்கும் மேட்டுப்பாளையத்துக் கான்ட்ராக்டர் ஒருவர், தன் டிரெய்லரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரஷர் சென்சார் மாட்டச் சொன்னார். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகும் வகை. ஒவ்வொன்றையும் டிரைவர் முன்னால் இருக்கும் மீட்டரோடு இணைத்து, காற்று எந்த அளவுக்குக் கீழே போனால் கத்த வேண்டும் என்று புரோகிராம் செய்ய வேண்டும். டயரில் ஐம்பது பவுண்ட் காற்று. அலாரத்தை நாற்பத்தைந்தில் வைத்தேன்.

அந்த வண்டியின் டிரைவர்தான் போஜன். கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி. இலை விலை விழுந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாமல், கிளை வெட்டிக் கவ்வாத்து செய்யாத தேயிலைச் செடிகள் மரமாகி நிற்க, ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வண்டியை எடுக்கும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார்.

“மீட்டர் இருக்கறப்ப என்னத்துக்குங்க இந்த மேளம்?” என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கம்பியை சீட்டுக்கு அடியில் போட்டார்.

சில நாளில் திரும்பி வந்தார். “சார், ஊட்டிக்கு மேல போனா விடியறதுக்குள்ள சேவலாட்டம் கூவுதுங்க. கீழ எறங்குனா கம்முனு ஆயிருது.”

காரணம் எனக்குத் தெரியும். மலை மேல் வெளிக்காற்று மெலிந்திருப்பதை அந்த மலிவு சென்சார் கணக்கில் எடுக்காது. மூன்று நான்கு பவுண்ட் குறைத்துக் காட்டும். விடியற்காலைக் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஊட்டிக்குப் போய், கை கேஜால் சரிபார்த்து, அலாரத்தை அதற்கேற்பக் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டும். சோம்பல். மறுபடி யாரும் வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று கடையில் உட்கார்ந்தபடியே இருபத்தைந்துக்கு இறக்கினேன். “சரி பண்ணியாச்சு” என்று மட்டும் சொன்னேன்.

பழுதான படகு ஒன்றை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியபோது, பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில், ஆணி ஏறிக் காற்று கசிந்திருந்த டயர் சூடேறி வெடித்தது. டிரெய்லர் சுவரை இடிக்க, படகு பள்ளத்தில் விழுந்தது. உயிருக்குச் சேதம் இல்லை.

கான்ட்ராக்டர் போஜனை என் கடைக்கே கூட்டிவந்தார்.

“காத்து எறங்குனது தெரியாம ஓட்டியிருக்கியே, தூங்கிட்டா வந்தே?”

“மீட்டர் கத்தவே இல்லீங்க முதலாளி.”

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சார், மீட்டர் செரியாத்தான இருந்துச்சு?”

“சரியாத்தான் இருந்துச்சு.”

போஜன் என்னைப் பார்த்தார். வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கான்ட்ராக்டரிடம்தான் முதலில் போனேன். “இப்ப வந்து சொல்றீங்களா? டிரைவர் தப்புன்னு இன்சூரன்ஸ்ல எழுதி முடிஞ்சு போச்சு. கம்முனு ஊட்டுக்குப் போங்க” என்றார்.

போஜன் அப்போது ஒரு ரிசார்ட் வாசலில் வாட்ச்மேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியுமுங்க சார். டயர் வெடிச்சதும் மீட்டர்ல பட்டனை அமுக்கிப் பார்த்தேன். இருபத்தஞ்சுன்னு இருந்துச்சு.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“நான் சொன்னா, நானே மாத்தி வெச்சுட்டு மழுப்பறேன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

தவறு முழுவதும் என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், வேறு லாரி முதலாளிகளிடம் காட்டட்டும் என்று. கத்துகிற அலாரத்தின் வாயை அடைப்பது வேலை அல்ல, ஏன் கத்துகிறது என்று எழுந்து போய்ப் பார்ப்பதுதான் வேலை. இதை இளையவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

அடுத்த மாதம் போஜன் கடைக்கு வந்து, மடித்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு எடத்துல காட்டினேனுங்க. படிச்சுட்டு வேலை இல்லைன்னுட்டாங்க. இதைக் காட்டாம இருந்திருந்தா, நான் ஆக்சிடெண்ட் பண்ணுன ஆளுன்னே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க சார்.”