கோயமுத்தூர் காற்றும் என் காரும்

போன மாதம் ஊட்டி சேரிங்கிராஸில் ஒரு பழைய கார் நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்களே... கேட்டீர்களா? உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது அடியேன்தான்!

என் கார் கார்புரேட்டர் காலத்து ஆசாமி. ஓடும்போது பிரச்னை இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வம்பு. இன்ஜின் குலுங்கும், இருமும்... பட்டென்று அணைந்துவிடும்.

"ஏனுங்க, இன்னொருக்கா இப்படி நின்னுச்சுன்னா இத வித்துப் போடுங்க" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி சுகுணா. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். சொன்னால் சொன்னதுதான்.

கல்யாண மோதிரத்தைக் கேட்டிருந்தால்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பேன். காரையா?

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பல்வலியோ, பட்டுப்புடவையோ, பழைய காரோ — கோயமுத்தூருக்குப் போனால்தான் மனசு ஆறும். வருடா வருடம் போவதுபோல இந்த முறையும் காரைக் கீழே கொண்டுபோய் டியூன் செய்துகொண்டு வந்தேன். ஆஹா! இன்ஜின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பர்லியார் வரை பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினேன். குன்னூரில் லேசான குலுக்கல். ஊட்டியில் பழைய இருமல். வாசலில் சுகுணா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் அணைந்தது.

"வாசல்தானே, நடுரோடு இல்லையே..." என்று இழுத்தேன்.

"ஏனுங்க, கீழ காத்து அடர்த்தி, இங்க கம்மி. அங்கத்த காத்துக்கு அளந்து வெச்ச பெட்ரோல் இங்க அதிகமாத்தான இருக்கும்? முதல்ல நம்மூரு காந்தல்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

காந்தல் மெக்கானிக் பாபு, பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஸ்குருவை லேசாகத் திருகிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "கோயமுத்தூர்ல டியூன் பண்ணி ஊட்டில ஓட்டறீங்களாக்கும்? காரை அங்கயே விட்டுப்போட்டு நீங்க பஸ்ல வந்திருக்கலாமுங்க!"

சிரிக்கட்டும். ஆபீசில் உறுமுகிற மேனேஜர் வீட்டுக்குள் நுழைந்ததும் அணைந்துபோவதில்லையா? காருக்கு மட்டும் இடம் பார்த்துக் குணம் மாறக்கூடாதா?

மறுநாள் சேரிங்கிராஸில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் இன்ஜின் அணையாமல் ஓடியது. வெற்றிப் புன்னகையோடு சுகுணாவைப் பார்த்தேன்.

"இப்பத்தானுங்க விக்கற மாதிரி இருக்குது" என்றாள். "நல்லா இருக்கறப்பவே குடுத்துரலாம்."

என் புன்னகை அங்கேயே அணைந்தது.

"ஆனா பொய் சொல்லி விக்கக் கூடாதுங்க. கீழ கொண்டுபோனா மறுபடியும் ஆடும்னு சொல்லிப்போடோணும்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். விற்கும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

இதுவரை காரைப் பார்க்கக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தார்கள், திருப்பூரிலிருந்து வந்தார்கள். எல்லோரிடமும் சுகுணாவே உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். காரை இங்கேயே ஓட்டப்போகும் ஊட்டிக்காரர்கள் போன் செய்தால் மட்டும்... எனக்கு ஏனோ சிக்னலே கிடைப்பதில்லை!