தலை குழிந்த பிஸ்டன்

'நூலக்கா' என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அவளுடையது. அளவில் ஒரு நூல் பிசகினாலும் வேலையை முதலிலிருந்து செய்வாள். "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்னக்கா?" என்ற ஆளிடம், "செருப்பு முன்னப்பின்ன இருந்தா நீ போட்டுக்குவியா?" என்று கேட்டவள். வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

வாய்த்த கணவரோ கார் ஆசைக்காரர். அவருடைய பழைய காருக்கு அவர்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். வீடு மேட்டின் உச்சியில். கடைசி வளைவில் காருக்கு மூச்சு வாங்கும்; பின்சீட்டில் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். கணவரின் அக்கா அப்படி நடந்து நடந்து, முழங்கால் தேய்ந்ததும் வருவதையே விட்டுவிட்டார். "உன் வண்டி ஏறுற அன்னிக்கு நானும் ஏறுறேன்டா" என்று போனில் தம்பியிடம் சிரிப்பார். நூலக்காவுக்குச் சிரிப்பு வராது. நாத்தனார் என்றால் மற்றவர்களுக்கு வேப்பங்காய். இவளுக்கோ, 'அண்ணி' என்று தான் கூப்பிடும் அவர்தான் உயிர். அவர் வராத வீடு வெறிச்சென்று கிடந்தது.

அதனால், மேடேற வலுக் கூட்டும் டர்போவைக் காருக்குப் போடலாம் என்று கணவர் சொன்னதும் உடனே தலையாட்டினாள். சண்டை வந்தது பிஸ்டன் விஷயத்தில்தான்.

தலை மேடான பிஸ்டன் ஒன்றைக் காட்டி, "ரேஸ் வண்டிக்குப் போடுறது. அழுத்தம் சும்மா எகிறும்" என்றார் கணவர்.

"டர்போவே காத்தைத் திணிச்சு அழுத்தத்தை ஏத்துதுங்க. அது மேல இதையும் போட்டா, நேரத்துக்கு முன்னாடியே பெட்ரோல் வெடிச்சு பிஸ்டன்ல ஓட்டை விழும். நிறைஞ்ச வயித்துல இன்னும் சோத்தைத் திணிக்கிறீங்களே!"

அவள் எடுத்தது, குழியில் காற்றுக்கு இடம் விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் தலை குழிந்த பிஸ்டன். அதுவும் உருக்கி வார்த்ததல்ல, அடித்து உருவாக்கியது. எவ்வளவு அடியும் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதற்கென்று சுற்றிலும் வழக்கத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இடம் விட்டுச் சிலிண்டரைக் கடைந்தாள். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போல்ட் முடுக்கினார்.

அண்ணியை அழைத்துவரக் கிளம்பிய காலை, எஞ்சினை முடுக்கியதுமே 'டக் டக்' என்று இடித்தது. கணவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"போச்சு! இடம் ஜாஸ்தி விட்டுட்ட. அக்காகிட்ட இப்ப வரவேணாம்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

அவளுக்கும் சந்தேகம் தட்டத்தான் செய்தது. இருந்தும் போனைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையில் டீ டம்ளரைக் கொடுத்தாள். "சூடாகட்டுங்க. பிஸ்டன் விரிஞ்சா சத்தம் அடங்கும். முதல்ல இதைக் குடிங்க."

டம்ளர் காலியாவதற்குள் சத்தம் தேய்ந்தது; பிறகு இல்லவே இல்லை.

"நானும் அதத்தான் நினைச்சேன்" என்றார் கணவர், கூச்சமே இல்லாமல்.

திரும்பி வரும்போது கடைசி வளைவு வந்தது. பின்சீட்டில் நூலக்காவின் பக்கத்தில் இருந்த அண்ணி, பழக்கதோஷத்தில் செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டு, கதவில் கை வைத்தார். "நிறுத்துடா, இறங்கிக்கிறேன்."

தம்பி நிறுத்தவில்லை. கார் முனகாமல் வளைந்து மேலே ஏறியது.

அண்ணி கதவிலிருந்து கையை விலக்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நூலக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வண்டி எங்க ஏறப்போகுதுன்னு மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரல. உன் துணியக் குடுத்தா பத்து நாள் இருப்பேன்."

நூலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அளவு முன்னப்பின்ன இருக்குமே அண்ணி."

"இருந்துட்டுப் போகட்டும்டி."