சதாசிவம் கொடுக்க மறுத்த மாத்திரை

செய்தி கைப்பேசியில், நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மருந்துக்கடை சதாசிவம் கோவையில் மகள் வீட்டில் காலமானார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அனுப்பியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர் கடைக்குப் போகாதீர்கள் என்று இதே குழுவில் எழுதியவர்கள்.

இந்தக் குழுவில் அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷர் மாத்திரை வாங்கக் குன்னூர் பஜாருக்கு அவரே நடந்து போவார். ஒருநாள் அவர் வீடு திரும்பும் முன் சதாசிவம் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சருங்க, சார் இந்த வாரத்துலயே ரெண்டாவது தடவையா மாத்திரைக்கு வந்துட்டாருங்க. ஸ்டாக் இல்லைன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். பழசு இருக்குதான்னு ஊட்ல பாருங்க."

என் கணவரின் மழைக்கோட்டுப் பைக்குள் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன. பதறிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கூட்டம் கலையும்வரை என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "நான் டாக்டர் இல்லீங்க. என்ன நோவுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா மாத்திரை பேரை டாண்ணு சொல்லிக் கேக்கறவரு, இப்பக் கொஞ்ச நாளா என்ன வாங்க வந்தோம்னே தெரியாம நிக்கறாருங்க. தள்ளிப் போடாமக் காட்டிருங்க."

மறதி நோயின் தொடக்கம் என்றார் கோவை மருத்துவர்.

என் கொழுந்தனார் அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகுமென்று நேரே கடைக்குப் போய், நாலு பேர் பார்க்கக் கத்தினார். "எங்கண்ணனுக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியா?"

"ஊருக்குச் சொல்லலீங்க. ஊட்டுக்குச் சொன்னேன்," என்றார் சதாசிவம்.

மாத்திரை வாங்கப் போனால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார் என்று பேச்சு பரவியது. பெற்றோருக்கு மருந்து வாங்கும் பிள்ளைகள் வேறு கடைக்கு மாறினார்கள். சிலர் செல்போனிலேயே வரவழைத்துக்கொண்டார்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அது கேட்பதில்லை. கடைசியில் கடையை மூடினார்.

அதன் பிறகு, மகளிடம் போகும்வரை, மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். "நீங்க யாருங்க?" என்பார் என் கணவர். "சதாசிவமுங்க. பஜார்ல மருந்துக்கடை வெச்சிருந்தேனுங்க," என்று அன்றுதான் அறிமுகமாகிறவர்போலச் சொல்லி உட்காருவார். தேநீர் ஆறுவதற்குள் மறுபடி அதே கேள்வி வரும். அதே பதில், அதே குரலில். ஒருநாள் என்னால் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "சாரு திரும்பத் திரும்பக் கேக்கலீங்க டீச்சர். அவருக்கு ஒவ்வொண்ணும் மொதத் தடவைதானுங்க," என்றார்.

இப்போது என் கொழுந்தனார் சதாசிவம் படம் போட்டு பஜாரில் பேனர் வைத்திருக்கிறார். 'ஏழைகளின் மருத்துவர்' என்று. இரங்கல் கூட்டத்தில் பேச என்னையும் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை.

இன்று காலை என் கணவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். "வசந்தாங்க. உங்க சம்சாரம்," என்றேன். சலிப்பில்லாமல் சொன்னேன். சதாசிவத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறுமை. அது என் கணவருக்கு மட்டும். இந்த ஊருக்கு அதில் பங்கில்லை.