பாசாவில் அப்பா திருப்பிக் கொடுக்காத அட்டை

போன வாரம் மெல்பேர்ன் நகரத்துக் குளிர்காலச் சந்தையில் ஒருவர் பெரிய செப்புச் சட்டியில் பாதாம் பருப்பைச் சீனியோடு வறுத்துக்கொண்டிருந்தார். சீனி கருகத் தொடங்கும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு கணம் பகீரென்றது. வாசத்தில் பிழையில்லை. அதே வாசம் அடித்த ஒரு சதுக்கத்தில் நான் என் அப்பாவைத் தொலைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் நான் முதல் வேலை பார்த்த காலம். சேர்த்து வைத்த லீவு முழுவதையும் கொட்டி, அம்மாவையும் அப்பாவையும் ஐரோப்பாவின் டானூப் ஆற்றுக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன் என்றால் என் கோலத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். வழிகாட்டி வாய் திறக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன். பழைய வாசல், மணிக்கூண்டு, கல் பதித்த சதுக்கம், கோயில். மூன்றாவது ஊரில் அம்மா, "இதை நேற்றும் பாத்தனாங்கள்தானே?" என்று கேட்டுவிட்டு ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டா.

அப்பா மன்னார்க் கத்தோலிக்கர். அவருக்குக் கோயில்கள் மட்டும்தான் கணக்கு. புதுக் கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும்போது மூன்று காரியம் கேட்கலாம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஒரு நாளைக்கு இரண்டு கோயில் வந்தால் மனிதர் எதைத்தான் கேட்பார்? நான்காம் நாள், மெல்பேர்ன் ரோவிலில் இருக்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் முதுகுவலி வரைக்கும் வந்துவிட்டார்.

பாசாவ் என்ற ஜெர்மன் ஊரில் மூன்று ஆறுகள் சேர்கின்றன. அங்குள்ள பேராலயத்தில் அப்பா முழந்தாளில் நின்றார். எனக்கோ, வெள்ளம் வந்த உயரங்களை நகர மண்டபச் சுவரில் கோடு போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். "அப்பா, கெதியா வாங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதாம் வறுத்த சதுக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் அவர் இல்லை. திரும்ப ஓடினால் பேராலயத்திலும் இல்லை. அவரிடம் போன் இல்லை. ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. கப்பல் ஐந்தரைக்குப் புறப்படும். அப்போது ஐந்து மணி.

முன்னமே போய்விட்டாரோ என்று கப்பலுக்கு ஓடினோம். இறங்கும்போது வரவேற்பு மேசையில் ஆளுக்கொரு இலக்க அட்டை தருவார்கள். திரும்பி வந்ததும் கொடுத்தால் பலகையில் கொழுவுவார்கள். யார் இன்னும் ஊருக்குள் நிற்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். எங்கள் இரண்டையும் கொழுவிய பிறகு பலகையில் ஒரேயொரு கொக்கி வெறுமையாக இருந்தது. அப்பாவுடையது. கப்பல் கால் மணி நேரம் பிந்தலாம் என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

முழங்கால் வலியோடு நின்ற அம்மாவை அறைக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் ஓடினேன். அந்த ஊரின் எழுநூறு வருடக் கல், எண்ணூறு வருடக் கல் எல்லாம் என் காலுக்கடியில் வழுக்கியது. எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரே மாதிரி. அம்மா சொன்னது சரிதான். ஒரு வெள்ளக் கோட்டுக்காக அவரை விட்டுவிட்டு வந்தேனே என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது மண்டைக்குள்.

போன் அடித்தது.

"எங்க நிக்கிறாய்? ஆள் இஞ்ச குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறார்."

"எங்கயம்மா?"

"கட்டில்லதான். வேற எங்க?"

நான் ஒரு தெருவோரப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

"எப்பிடியப்பா வந்தனீங்கள்?" என்று அறையில் கேட்டேன்.

"கப்பல் ஆத்திலதானே நிக்குது. ஆத்தைப் பிடிச்சு நடந்தனான்."

"அப்ப கார்ட்டை ஏன் குடுக்கேல்ல?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "மேசையில நிண்ட பொடியன் கையை நீட்டினவன். நான் காட்டினனான். காட்டினாக் காணும்தானே? ஐடியை ஆரும் விட்டுட்டு வருவினமே?"

அதுவரை எல்லா ஊரிலும் மூன்று அட்டைகளையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். அன்றுதான் முதல் தடவை அவர் தனியாகத் திரும்பியிருந்தார். போர்க்கால மன்னாரில் சோதனைச் சாவடிக்குச் சாவடி அடையாள அட்டையைக் காட்டி, திரும்பப் பையில் வைத்துப் பழகிய கை அது. காட்டும், கொடுக்காது. ரோவிலில் தபால் பெட்டி வரைக்கும் போவதென்றாலும் பையைத் தொட்டுப் பார்த்துத்தான் வாசலைத் தாண்டுவார். நான் அதைக் கேலி செய்து வளர்ந்தவள்.

அடுத்த ஊரில் தன் அட்டையைத் தானே கொடுத்தார். அது கொக்கியில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

இப்போது அவருடைய லைசன்ஸ் போனுக்குள் போய்விட்டது. போன ஞாயிறு பூசைக்குப் போகும்போது அந்தப் போனும் வீட்டுக் குசினியில் சார்ஜில் கிடந்தது. காரில் பாதி வழி வந்த பிறகுதான் நான் கவனித்தேன்.

"அப்பா, ஐடி ஒண்டும் கொண்டு வரேல்லையே. திருப்பவோ?"

"விடு பிள்ளை. ஆர் கேக்கப் போகினம்?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமல், கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.