ஸ்வர்ணலதா எழுதாத இரண்டு வரிகள்

தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டிலிருந்து ஸ்வர்ணலதா பதினோரு வருடமாக ஒரு வேலை பார்த்துவந்தாள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, கணினிகளை ஓட்டும், யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளம். அதன் நிரலில், உள்ளே நுழைபவரின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதி அவள் பொறுப்பு. உலகில் எவர் திருத்தம் அனுப்பினாலும் அவள் படித்துப் பார்த்து மின்கையொப்பம் இட்டால்தான் சேரும். பாத்திரக்கடை நடத்தும் கணவன் வெங்கடேஷ், "ஊர்க் கதவுக்கெல்லாம் எங்க வீட்லதான் வாட்ச்மேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, குக்கரை வைத்துவிட்டு வந்து முந்தைய நாள் சேர்ந்த திருத்தங்களைப் பார்த்தாள். தன் பெயரில் இருப்பதை வழக்கமாகத் தாண்டிவிடுவாள். நேற்று நான் எதுவும் எழுதவில்லையே என்று தோன்றித் திறந்தாள். இரண்டே வரி. புதன் பகல் பதினொன்று பத்துக்கு, அவள் கையொப்பத்தோடு.

"போட்டுட்டு மறந்திருப்ப," என்றான் வெங்கடேஷ்.

"நங்கநல்லூர்ல உங்க அக்கா பொண்ணு வளைகாப்புல உக்காந்துக்கிட்டா போட்டேன்? லேப்டாப் பீரோவுல பூட்டிக் கெடந்துச்சுங்க."

அந்த இரண்டு வரியும், ஒரு குறிப்பிட்ட சொல்லைக் கொடுப்பவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். அதைவிட அவளைக் கலக்கியது, மேலே எழுதியிருந்த குறிப்பு. அச்சு அசலாக அவள் நடை. யாரோ அவளை நெடுநாள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

மாசியில் பேட்டரி மாற்ற மடிக்கணினியை ஒரு கடையில் நாள் முழுக்க விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. கையொப்பத்துக்கான ரகசியக் கோப்பு அன்றே பறிபோயிருந்தால், ஆறு மாதமாக அது யாரோ கையில்.

இயங்குதளத்தைப் பராமரிக்கும் குழுவுக்கு அவளே எழுதினாள்: 'என் கையொப்பத்தை நம்பாதீர்கள். என் அனுமதியை எடுத்துவிடுங்கள்.' பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள்.

மதியம் அடையாறிலிருந்து ராம்குமார் கூப்பிட்டான். குழுவில் அவள் நேரில் அறிந்த ஒரே ஆள்.

"லதா, சித்திரையில உன் பேர்ல ஒரு திருத்தம் சேர்ந்திருக்கு. பார்க்க ஒழுங்காத்தான் இருக்கு, ஆனா எனக்கென்னமோ சரியாப் படல. நீ எழுதினதா பாரு. போன வெர்ஷன்லயே வெளிய போயாச்சு."

மூன்று முறை படித்தாள். "தெரியல ராம்."

"தெரியலன்னா?"

"நான் எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"நீயே செஞ்சிருப்பேன்னும் சில பேர் பேசறாங்க," என்றான் ராம்குமார்.

மாசிக்குப் பிறகு தன் பெயரில் சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் திருத்தங்களையும், பழைய மின்னஞ்சல்களோடு ஒத்துப்பார்த்து, மூன்று வாரம் வரிவரியாகப் படித்தாள். நான்கு அவளுடையவை அல்ல. சித்திரைத் திருத்தத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை சத்தியம் செய்ய முடியவில்லை. குழு அதையும் சேர்த்து நீக்கியது. ஆனால் போன வெர்ஷன் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எத்தனை இயந்திரங்களில் ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாது.

கார்த்திகையில் அவள்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்து, புதுக் கையொப்பம் தருவதாகக் குழு அழைத்தது. அவள் வேண்டாமென்று எழுதிவிட்டாள். வெங்கடேஷ் காரணம் கேட்டான்.

"என்னை மாதிரியே எழுதுறவங்க இன்னும் எங்கியோ உக்காந்திருக்காங்க. நாளைக்கு அவங்க எழுதினதையும் என்னோடதுன்னு நானே நம்பிடுவேன்," என்றாள்.