நாலாம் நாள் காலை, ரக்கோவித்ஸ்கி சேமக்காலை

வெள்ளவத்தையில் எங்கள் கடை இருக்கிற ஒழுங்கையில் மீன்காரர் தொடக்கம் பாங்க் மனேஜர் வரை எல்லா ஆம்பிளைகளும் ‘தம்பி’தான். அருந்ததி அக்காவுக்கு மட்டும் அப்படி இல்லை. இருபது வயதுப் பொடியன் பாஸ்போட்டோடு வந்து நின்றாலும் “மிஸ்டர், இருங்கோ” என்பார். தொடக்கத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுசிக்கு இவ்வளவு கெப்பர், இவ்வளவு பெருமை கூடாது என்று நினைத்தேன்.

நான் பிறிஜெற். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்து அந்தக் கடையில் விசாவுக்குப் படம் எடுக்கிறேன். பக்கத்து மேசையில் அக்கா விசாப் பத்திரங்கள் நிரப்புவார். வயது ஐம்பத்தேழு, கலியாணம் கட்டவில்லை, கிருலப்பனையில் ஒரு அனெக்ஸில் தனிய இருக்கிறார்.

சுற்றுலா விசா கேட்கிறவர்கள் எந்த நாள் எங்கே நிற்பார்கள் என்று ஒரு பயணத் திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். போலந்து என்றால் அக்காவிடம் கிராக்கோவ் நகரத்துக்கு ஐந்து நாள் திட்டம் தயாராக இருக்கும். பழைய சந்தைச் சதுக்கம். அங்கே மணிக்கொருதரம் மாதா கோயில் கோபுரத்தில் நின்று எக்காளம் ஊதுவார்களாம், பாதியில் சட்டென்று நிறுத்திவிடுவார்களாம். பழைய மதில் இருந்த இடத்தில் நகரத்தைச் சுற்றி மரங்களும் இருந்து இளைப்பாற வாங்குகளும் உள்ள பிளாந்தி பூங்கா. விஸ்துலா ஆற்றங்கரையில் வாவெல் குன்று, மேலே கோட்டை, கீழே நெருப்புக் கக்குகிற டிராகன் சிலை. எந்த இடத்தில் இருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். கிருலப்பனையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு எந்த பஸ் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்.

அந்தத் திட்டத்தில் நாலாம் நாள் காலை என்று போட்டு, ‘ரக்கோவித்ஸ்கி சேமக்காலை, பழைய மரங்கள், சிற்பங்கள்’ என்று ஒரு வரி இருக்கும்.

“ஊர் பார்க்கப் போறவன் என்னத்துக்கு அக்கா செத்த ஆக்களைப் புதைக்கிற சேமக்காலைக்குப் போகவேணும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அதுவும் பார்க்கவேண்டிய இடந்தான்,” என்றார். முகம் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் கைப்பையில் இருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். பனிக்குள் ஒரு சின்னக் கல்லறைக் கல். பின்பக்கத்தில் பிரிவும் வரிசையும் நம்பரும். தம்பி சுகிர்தன். ஜெர்மனிக்கு என்று வெளிக்கிட்டு வழியில் கிராக்கோவில் நின்றுபோனவர், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தவர். இரண்டாயிரத்து எட்டில், மாரடைப்பு. இங்கே சண்டை நடந்த நிலைமையில் உடலைக் கொண்டுவர வழியில்லை. கடை முதலாளி அம்மாதான் அடக்கம் செய்து படம் அனுப்பினாராம்.

“எங்கட அம்மா சாகுமட்டும் அதைத்தான் சொல்லி அழுதவ. நெருப்பு வைக்காமல் பிள்ளையை மண்ணுக்குள்ள விட்டிட்டாங்களே எண்டு. ஒரு விளக்காவது கொளுத்தவேணும் பிறிஜெற். ஆராவது ஒருத்தர் எழுதினபடி போகமாட்டினமோ எண்டுதான் எல்லாருக்கும் போடுறன்.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பதினொரு வருடமாக இந்த மனுசி எழுதிக் கொடுத்த கடதாசியை ஒருத்தனாவது விரித்துப் பார்த்திருப்பானா? விசா கிடைத்ததும் பாரிஸில் இருக்கிற மச்சானிடம் ஓடுவார்கள். கடதாசி எயார்போட் குப்பைவாளிக்குள் போகும்.

“நீங்களே போகலாமே?”

“இரண்டுதரம் கேட்டனான். தரேல்லை.”

அவருடைய விண்ணப்பத்தின் கொப்பியைப் பார்த்தேன். ஐந்து நாளுக்கும் ஒரே இடத்தைத்தான் எழுதியிருந்தார். கோட்டை இல்லை, ஆறு இல்லை. ஐந்து நாளும் சேமக்காலை. எனக்கு வந்த விசருக்கு மேசையில் அடித்தேன். “ஊரெல்லாத்துக்கும் டிராகன் போடுறீங்கள், உங்களுக்குப் போட்டால் என்ன? இதுக்கு ஆர் விசா தருவான்?”

“அவனைப் பார்க்கப் போறதுக்கு நான் பொய் எழுதமாட்டன்,” என்றார்.

இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை.

போன புரட்டாதியில் எங்கள் பக்கத்து வீட்டு மெல்ரோயை நான்தான் கடைக்குக் கூட்டிவந்தேன். துறைமுகத்தில் வேலை. மகளுக்குச் சுகம் வந்தால் கிராக்கோவில் உள்ள இறை இரக்கத் திருத்தலத்துக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தான். பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது. திருத்தலத்துக்கு ஒரு நாள் போதும், மிச்சத்தை அக்கா வழக்கம்போல நிரப்பினார். விசாவும் கிடைத்தது. சுகிர்தனைப் பற்றி அவனிடம் சொல்லட்டோ என்று கேட்டேன், நேர்த்திக்குப் போகிறவரிடம் வேறு வேலை சொல்லக்கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார்.

அங்கே போய் இறங்கிய அன்றே படங்கள் வரத் தொடங்கின. சதுக்கத்தில் மெல்ரோய், ஆற்றங்கரையில் மெல்ரோய், டிராகனுக்கு முன்னால் மெல்ரோய். எல்லாப் படத்திலும் அக்கா அடித்துக் கொடுத்த கடதாசியை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றான். பொலிஸில் எடுத்த படம் மாதிரி.

நான் கோல் எடுத்துக் கேட்டேன். “டேய் விசரா, என்னடா கோலம் இது?”

“அக்கா, விசா தந்தவன் இந்தக் கடதாசியைப் பார்த்துத்தானே தந்தவன்? எழுதின இடத்தில எழுதின நேரத்துக்கு நிக்காட்டிப் பிடிப்பான். ஒவ்வொரு இடத்துக்கும் ப்ரூஃப் எடுத்து வைக்கிறன்.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா சிரிக்கவில்லை. கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டாம் நாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு நாங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது வீடியோ கோல் வந்தது. அங்கே காலை பத்து.

“அன்ரி, சேமக்காலைக்கு வந்திட்டன். பெரிய இடம். இதுக்குள்ள எதைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறீங்கள்?”

அக்கா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து என்னிடம் தந்தார். நான்தான் பின்பக்கத்தை வாசித்தேன், ஆர் என்ன என்றும் சொன்னேன். மெல்ரோய் நம்பரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு நடக்கத் தொடங்கினான். இரண்டுதரம் கோல் வெட்டுப்பட்டது. அக்கா சோற்றைத் தொடவில்லை.

“பதினேழு வருஷம்,” என்றார். “கல் இருக்குதோ தெரியாது.”

அரைமணித்தியாலம் கழித்துத் திரும்பவும் அடித்தான். “அன்ரி, இதுவாத்தான் இருக்கவேணும். பாசி மூடியிருக்கு.” பொக்கெற்றில் இருந்த லேஞ்சியால் தேய்த்துத் தேய்த்து எழுத்தெழுத்தாக வாசித்தான். எஸ், யூ, கே, ஐ. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மெல்ரோய் பையில் இருந்து சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றை எடுத்தான்.

“அது எங்கால?” என்றேன்.

“வாசல்ல மனுசிமார் விக்கினம் அக்கா. சேமக்காலைக்கு வெறுங்கையோட வாறதே? ஆருக்கெண்டு தெரியாமத்தான் வாங்கினனான்.” குந்தி இருந்து கொளுத்தினான். “அன்ரி, நான் எங்கட செபம் சொன்னாப் பரவாயில்லையோ?”

“சொல்லுங்கோ.”

சொல்லி முடித்தான். அக்கா போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். “மிஸ்டர் மெல்ரோய், கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. உங்கட கால் அவனை மறைக்குது.”

அவன் பதறி விலகினான். கல்லும் விளக்கும் தெரிந்தன. மரத்தில் இருந்து ஒரு மஞ்சள் இலை விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். சோறு ஆறிவிட்டது.

கடைசியில் மெல்ரோய்தான் கடதாசியை விரித்தான். “அன்ரி, குறை நினையாதேங்கோ. நான் வெளிக்கிடவேணும். மத்தியானம் புளோனியா புல்வெளியில நிக்கவேணும் எண்டு இதில போட்டிருக்கு.”

அக்கா மேசை லாச்சியைத் திறந்து அந்தத் திட்டத்தின் எங்கள் கொப்பியை எடுத்தார். பேனையால் புல்வெளி என்ற வரியை வெட்டினார். அதற்கு மேல், காலைக்கு எழுதியிருந்ததையே திரும்பவும் எழுதினார். எழுதியதைப் போனுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

“இதை எழுதினது நான்தானே,” என்றார். “பின்னேரம் மட்டும் அங்கேயே இரு, தம்பி.”